இரண்டு கார்டுள்ள கணினிக்கு மணி வைக்கும் முறை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. அலுவலக உத்தரவின் பேரில் நான் எழுத வேண்டியிருந்த செய்முறைக் குறிப்பு இது. ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எவ்வளவு கீழ்ப்படிந்திருக்கிறேன் என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

நான் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் நேயர் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவன். கணினிக்கும் எனக்கும் உள்ள உறவு அதன் முன்னால் உட்கார்வதோடு சரி. ஆனால் நிலையத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவன் என் மனைவியின் தம்பி. எந்நேரமும் தோளில் ஒயர்ச் சுருளோடு திரிவதால் அங்கே அவன் பெயர் கம்பி. அவனுக்கு எழுத வராது. எனக்கு அது மட்டும்தான் வரும் என்று ஊரே நம்புகிறது.

"மாமா, நான் சொல்லச் சொல்ல எழுதிட்டே வாங்க. நீங்கதான் ஒரு சாரிக்கே ரெண்டு பக்கம் எழுதுவீங்களே."

"அது வருத்தக் கடிதம்டா. அதுக்குன்னு ஒரு முறை இருக்கு."

"இதுவும் முறைதான் மாமா. முதல்ல எதைப் போடணும், அடுத்து எதைப் போடணும். அவ்வளவுதான்."

எழுதினேன்.

பொருள்: இரண்டு நெட்வொர்க் கார்டுகள் கொண்ட லினக்ஸ் கணினிகளில் கடிகாரங்களை ஒன்றோடொன்று பொருத்துதல் – தொடர்பாக.

நான் படித்த சின்ன ஊர்ப் பள்ளியில் கட்டுரைக்குப் பாதி மதிப்பெண்தான் வரும். கடிதத்துக்கு முழுசாகக் கிடைக்கும். அன்றிலிருந்து எதை எழுதினாலும் தலையில் ஒரு 'பொருள்' உட்கார்ந்துவிடும்.*

* திருமணத்துக்கு முன் மனைவிக்கு எழுதிய முதல் கடிதத்திலும் இருந்தது. பொருள்: தங்கள்பால் கொண்ட அன்பு – தெரிவித்தல் சார்பாக. அவள் இன்றுவரை அதற்கு எழுத்து மூலம் பதில் தரவில்லை.

அடுத்த வரி: காரணம். அதற்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தேன். அங்கேயே மாட்டிக்கொண்டேன். காரணத்தை எழுதப் போனால் ஒரு பெண் வந்து நிற்கிறார்.

2

அவரை எப்படி உள்ளே அழைத்து வருவது?

தொடக்கம் ஒன்று: "அந்தப் பெண் வாயை மூடிய பிறகும் பேசிக்கொண்டிருந்தாள்." நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேய்க்கதை என்று நினைத்து நீங்கள் விளக்கைப் போட்டுவிடுவீர்கள். அடித்துவிடுகிறேன்.

தொடக்கம் இரண்டு: "காலம் என்பது யாது? ஆதி மனிதன் சூரியனைப் பார்த்து" – போதும். இதை எழுதியது நான்தான் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம்.

தொடக்கம் மூன்று, இருப்பதிலேயே மந்தமானது, ஆகவே என்னுடையது: எங்கள் நிலையத்தில் மாலை ஏழு மணிச் செய்தியை வாசிப்பவரை எல்லோரும் 'ஏழு மணி' என்றே கூப்பிடுவோம். காலைச் செய்தி வாசிப்பவர் வயதில் மூத்தவர், அவர் 'காலையக்கா'. கலவைக் கூடத்துக்கு, அதாவது படத்தையும் குரலையும் ஒன்றாகக் கோர்த்து வெளியே அனுப்பும் அறைக்கு, புதுக் கணினி ஒன்று வந்தது. அது வந்த வாரத்திலிருந்து ஏழு மணியின் உதடும் குரலும் பொருந்தவில்லை. அவர் வாயை மூடிவிடுவார். கடைசிச் சொல் ஆற அமர வந்து சேரும்.

காலையக்காவுக்கு அப்படி ஆகவில்லை. அதே கணினி, அதே கேமரா, அதே மைக். ஆனால் உதடும் சொல்லும் ஒட்டிப் பிறந்தவை போல வந்தன. ஆகவே எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தோம். பழுது ஆளிடம்தான்.

நேயர்கள் எழுதினார்கள். "வாசிப்பவர் வேறு, வாயசைப்பவர் வேறா?" என்று ஒருவர். "தூக்கத்தில் வாசிக்கிறாரா?" என்று இன்னொருவர். தங்கள் மேலான கருத்து உரியவரின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்று அத்தனை பேருக்கும் பதில் போட்டேன். உரியவர் கேன்டீனில் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்காரர் என்ன சொல்றார் தெரியுமா சார்?" என்றார் ஏழு மணி. "'வாயை மூடின அப்புறமும் நீ பேசுவேன்னு சொன்னா யாரும் நம்பல. இப்ப டி.வி.யிலயே காட்டிட்டாங்க'ங்கறார்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் அவர் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திப் பழகிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தன் வாயையே சந்தேகப்பட்டுக்கொண்டு பிழைப்பு நடத்துவது எப்படி இருக்கும் என்று ஒரு பத்தி எழுதினேன். அதில் மூன்று உவமைகள் இருந்தன. மூன்றும் என்னைப் பற்றியவையாக இருந்ததால் நீக்கிவிட்டேன்.

பிறகு அவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பி, பின்னணிக் குரல் கொடுக்கும் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே சன்னல் கிடையாது. முகமும் தேவையில்லை.

3

இனி மாலை ஏழு மணிச் செய்திக்குக் காலையக்கா.

முதல் மாலையே அவருடைய வாயும் மூடியது. குரல் பின்னால் வந்தது. இங்கே நீங்கள், புத்திசாலிகள், "ஆகவே பழுது ஆளிடம் இல்லை" என்று சொல்வீர்கள். எங்கள் நிலையத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. "அந்த நாற்காலியே சரியில்லை" என்றார்கள். நாற்காலியை மாற்றினார்கள். புதியது சுழலும் நாற்காலி. காலையக்கா கொஞ்சம் சுழன்றபடியே பொருந்தாமல் வாசித்தார்.

(இதைக் கதையில் வைத்தால் மிகைப்படுத்தல் என்பார்கள். நடந்ததைக் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன். நாற்காலி போகும் முன் மேசையும் ஒரு முழம் தள்ளிப் போடப்பட்டது.)

அப்போதுதான் கம்பி கலவைக் கூடத்துக்குப் போய், ஒரு மாலை முழுக்கத் திரை முன்னால் உட்கார்ந்துவிட்டு, முகம் வெளுத்து என் மேசைக்கு வந்தான்.

"மாமா, பெட்டி ஒண்ணுதான். உள்ள மணி மூணு."

"புரியற மாதிரி சொல்லு."

"ஒவ்வொரு கார்டுக்குள்ளயும் அதுக்குன்னு ஒரு கடிகாரம் இருக்கு. குரல் ஒரு கார்டு வழியா வருது, படம் இன்னொண்ணு வழியா. வர வர அதது தன் மணியைப் பார்த்து நேர முத்திரை குத்தும். அந்த முத்திரையை வெச்சுத்தான் கணினி ரெண்டையும் கோர்க்கும். கணினிக்குன்னு தனியா மூணாவது மணி. மூணையும் நிலையத்துத் தலைமைக் கடிகாரத்தோட ஒட்டி வைக்கணும்."

"வைக்கலையா?"

"குரல் கார்டை வெச்சேன். பழைய கணினியில கார்டு ஒண்ணுதானே. அதோட அமைப்பு ஃபைலை அப்படியே காப்பி பண்ணிப் போட்டேன். அதுல ஒரு போர்ட் பேர்தான், அதாவது ஒரு கார்டோட பேர்தான் இருக்கு. படக் கார்டை அது கண்டுக்கவே இல்ல. அதோட மணி அது பாட்டுக்குப் பின்தங்கிட்டே போகுது."

"அப்ப காலையில எப்படிச் சரியா வந்துச்சு?"

"விடியக்காலையில பெட்டியை அணைச்சுப் போடறோம்ல. போட்ட உடனே மூணும் ஒரே மணி காட்டும். சாயந்தரத்துக்குள்ள படக் கார்டோட மணி ஒரு சொல்லு தூரம் பின்னால போயிடும். முத்திரையில நேரம் கம்மியா விழறதால படம் முந்திக்கும், குரல் பின்னால வரும்."

"நீ தினமும் கணினி எழுதி வைக்கிற லாக் பதிவைப் பார்ப்பியேடா."

"பார்த்தேன் மாமா. நானோ நொடி கூடப் பிசகல. ஃபைல்ல எந்த போர்ட் இருக்கோ, லாக்கும் அதைப் பத்தி மட்டும்தான் பேசும்."

இங்கே ஒரு தத்துவ வரி வந்து கதவைத் தட்டுகிறது. திறக்கப் போவதில்லை.

4

கம்பி என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. தவறு அவனுடையது, ஆனால் அவன் என் மைத்துனன். இவனைக் கொஞ்சம் கெட்டவனாக எழுதினால் கதைக்கு நல்லது, எனக்குச் சாப்பாடு கிடைக்காது. வரைவைப் படித்த மனைவி, "என் தம்பி ராத்திரியெல்லாம் தூங்கலைன்னு ஒரு வரி போடுங்க" என்றாள். தூங்கினான் என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டு அடுத்த அறையிலிருந்து குறட்டை கேட்டது. ஆனாலும் சாப்பிடவில்லை. தட்டில் கையை வைத்தபடி, "அவங்க கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பார்த்தாங்களாம் மாமா" என்று மட்டும் சொன்னான். ஆகவே அவனை அவனாகவே விட்டுவிட்டேன்.

பழுதை அவன் சரிசெய்துவிட்டான். காலையக்காவின் உதடும் சொல்லும் மாலையிலும் பொருந்தின. மாடியறையில் இருக்கும் இயக்குநர் எங்களை அழைத்தார். அவரை நாங்கள் 'மேலே' என்போம்.

"இனிமே இப்படி ஆகாம இருக்க ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்க" என்றார் மேலே.

"ஏழு மணியை மறுபடி…" என்று ஆரம்பித்தேன்.

"இப்ப எல்லாம் நல்லாத்தானே போகுது? மறுபடி மாத்தினா, அப்ப என்ன நடந்துச்சுன்னு நாலு பேர் கேப்பாங்க. குறிப்புல காரணமெல்லாம் வேண்டாம். செய்முறை போதும்."

மேலே கெட்டவர் இல்லை. என் இருமலுக்கு மருந்து சொல்கிறவர். கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டதால் அவரை முறுக்கிய மீசையோடு ஒருமுறை எழுதிப் பார்த்தேன். அவருக்கு மீசையே கிடையாது.

இப்போது என் கையில் ஒரு குறிப்பு. அதில் 'காரணம்' இருந்தால் ஏழு மணிக்கு நாற்காலி. இல்லாவிட்டால், அந்தப் பெண்ணுக்குப் பேசத் தெரியாது என்பதே ஊர் அறிந்த காரணமாக நின்றுவிடும்.

5

குறிப்பின் உடல் பகுதி, சுருக்கமாக:

ஒவ்வொரு போர்ட்டுக்கும் சொந்தக் கடிகாரம் உண்டா என்று முதலில் கணினியிடமே கேட்க வேண்டும். உண்டு என்று நாமாக நம்பக் கூடாது. ஃபைலில் எல்லா போர்ட்களின் பெயரையும் எழுத வேண்டும். சேவை என்று பெயருள்ள ஒரு நிரல் தலைமைக் கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும். இன்னொரு சேவை அந்த நேரத்தைக் கணினியின் மணிக்கும் மற்ற கார்டுக்கும் எடுத்துச் செல்லும். இரண்டும் ஓட வேண்டும். பழைய நேரச் சேவை ஏதாவது ஓடினால் நிறுத்த வேண்டும். ("ஒரு குழந்தைக்கு ரெண்டு பேர் தலை சீவற மாதிரி மாமா. ஆளுக்கொரு பக்கம் வகிடு எடுப்பாங்க." இந்த உவமை கம்பியுடையது. எனக்குப் பொறாமை.) சோதனையைக் காலையில் செய்யக் கூடாது, மாலையில் செய்ய வேண்டும்.

"கடைசியா சரிபார்த்தல்" என்றான் கம்பி. பிறகு தோளிலிருந்த ஒயர்ச் சுருளைக் கழற்றி என் மேசையில் வைத்தான்.

"என்னடா?"

"மாமா, ஒண்ணைச் சோதிக்கணும்னா ஒண்ணைத்தான் மாத்தணும். நாம ஆளையும் மாத்தினோம், மணியையும் மாத்தினோம். பழுது யாருகிட்ட முதல்ல தெரிஞ்சுதோ, அவங்களை வெச்சு நாம பார்க்கவே இல்லையே."

நான் பேனாவை எடுத்தேன். வாழ்நாளெல்லாம் கற்ற அலுவலகத் தமிழ் அத்தனையும் ஒரே வரிக்காகக் காத்திருந்தது போல வந்தது:

சரிபார்த்தல்: பழுது முதன்முதலில் புலப்பட்ட அதே வேளையில், அதே வாசிப்பாளரை அதே இடத்தில் அமர்த்தி, ஒளிபரப்பின்போதே உறுதிசெய்தல் வேண்டும்.

6

மேலே எல்லாவற்றையும் படித்தார். இந்த வரியில் நின்றார்.

"யாரு இந்த 'அதே வாசிப்பாளர்'?"

நான் தரையைப் பார்த்தேன். இதை எழுதியவனாகிய நான், துணிச்சலாக ஏதாவது சொன்னதாக எழுதியிருக்கலாம். எழுதியும் பார்த்தேன். என் வாயில் அந்தச் சொற்கள் பொருந்தவில்லை.

"பழைய ஏழு மணி சார்" என்றான் கம்பி. "ஃபைல்ல ஒரு பேரை விட்டது நான். அவங்க ஒரு சொல்லைக்கூட விடல."

(அவன் இத்தனை கோர்வையாகப் பேசவில்லை. நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடித்தான்.)

மேலே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டிய அளவுக்கு மேல் துடைத்தார். "ஒரு நாள்" என்றார். "நாளைக்கு. பொருந்துதான்னு பார்ப்போம். மத்தது அப்புறம்."

குரல் அறைக்குப் போய்ச் சொன்னோம். ஏழு மணி ஹெட்ஃபோனைக் கழற்றாமலே கேட்டார்.

"ஒரு நாளைக்கு உக்கார வெச்சுட்டு எழுப்பி விடுவீங்களா?"

"தெரியல மேடம்" என்றான் கம்பி. "தப்பு என்னோடது. அதை மேலே போய்ச் சொல்லிட்டேன்."

"என்கிட்ட இன்னும் சொல்லல."

கம்பி சொன்னான். படக் கார்டு, குரல் கார்டு, காப்பி பண்ணிய ஃபைல் எல்லாம். அவர் முழுதும் கேட்டார்.

"அப்ப என் வாய் நல்லாத்தான் இருந்துச்சா?"

"ஆமா மேடம்."

"கண்ணாடியைத்தான் பாவம், ரொம்பப் படுத்திட்டேன்." ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார். "வரேன். ஆனா உள்ளுக்குள்ள ஓட்டிப் பார்த்துட்டுச் சரின்னு சொல்ற வேலையெல்லாம் வேண்டாம். ஊர் பார்த்துத்தானே சிரிச்சுது? ஊரே பார்க்கட்டும்."

"ஒளிபரப்பின்போதேன்னு எழுதிட்டேன்மா" என்றேன். என் எழுத்து ஒருவருக்குப் பயன்பட்டதில் எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை.

7

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

அ. எல்லாம் பொருந்துகிறது, மேலே கைதட்டுகிறார், நிலையமே கண்கலங்குகிறது. என் மனைவிக்குப் பிடித்தது. மேலே இதுவரை கைதட்டியதில்லை. எப்படித் தட்டுவார் என்றே எனக்குக் கற்பனை வரவில்லை.

ஆ. எல்லாம் பொருந்துகிறது, மறுநாள் அவர் மறுபடி சன்னல் இல்லாத அறையில். இதை இலக்கியம் என்பார்கள். எழுதினேன். அவர் ஹெட்ஃபோனை மாட்டும் வரியில் என் பேனா…

இ. காலையக்காவே எழுந்து, "இது அவ இடம்ப்பா, எனக்கு விடியக்காலை எழுந்தாத்தான் பசிக்கும்" என்று சொல்லிவிடுகிறார். சொல்லக்கூடியவர்தான். ஆனால் அவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்காமல் ஒருவர் வாயில் சொல் வைப்பதுதானே இங்கே நடந்த குற்றம்.

ஆகவே நடந்தவரை மட்டும் தருகிறேன். மாலை. கலவைக் கூடத்துத் திரையில் இரண்டு கார்டுகளின் எண்களும் ஓடுகின்றன. கம்பி எண்களைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்க்கிறான். அவன் பின்னால் மேலே, கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். காலையக்கா வாசலில் சாய்ந்து, "பதறாதடி, மூச்சு விட்டுப் படி" என்கிறார். ஏழு மணி சுழல் நாற்காலியைக் காலால் அழுத்தி, சுழலாமல் நிறுத்திக்கொள்கிறார்.

நாளை அந்த நாற்காலி யாருக்கு என்று என்னைக் கேட்காதீர்கள். குறிப்பில் அதற்கு இடமில்லை. பார்க்கப் போகிறவர்கள் நீங்கள்.

சிவப்பு விளக்கு எரிகிறது. 'வணக்கம்' சொல்ல அவருடைய கீழுதடு பல்லைத் தொட்டுவிட்டது. தாளில் என்னால் உதட்டை மட்டும்தான் அசைக்க முடியும். படித்துக்கொண்டிருக்கும் நீங்கள்தான் குரல். தாமதிக்காதீர்கள்.