பதினான்காவது கட்டம்

நல்லகண்ணு எஸ்.எஸ்.எல்.சி. தேறி எட்டு வருஷமாகியும் வேலையில்லாமல் இருந்தான். தாலுகா கச்சேரி, ரயில்வே, தபால் என்று அவன் மனுப் போடாத இடமில்லை. வயலில் இறங்கினால் ‘படிச்சவுக கை நோகப்போகுது’ என்று அவன் ஊரான ஓடைக்கரைப்பட்டி கேலி செய்தது. இறங்காமல் இருந்தால் ‘படிச்ச திமிரப் பாரு’ என்றது. அதனால் 1937 தை மாதம் மதுரையிலிருந்து அந்த உத்தரவு வந்தபோது, அம்மா மூக்கம்மாளுக்கு அதை மூன்று தடவை வாசித்துக் காட்டினான்.

பள்ளிக்கூடங்களில் எதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று ஆராய மதுரையில் ஒரு விசாரணைக் குழு அமைத்திருந்தார்கள். ஆண்டிபட்டியிலிருந்து கூடலூர் வரை என்னென்ன வேலைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் என்ன தெரிந்திருக்க வேண்டும், அதை அவன் எங்கே கற்றான் என்று கேட்டு எழுதிவர நாலு மாதத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நல்லகண்ணு.

அவனைவிட அதிகம் சந்தோஷப்பட்டவள் தங்கை பஞ்சம்மாள். பதினாறு வயதில், கல்யாணமான ஒன்பதாவது மாதம், புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு வந்தவள். மூலையில் கிடந்தவளைச் சாராள் டீச்சர் வீடேறி வந்து கூட்டிப்போய்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் உட்கார வைத்தாள். இப்போது பத்தொன்பது வயது, ஏழாம் வகுப்பு. பாவாடைச் சிறுமிகளுக்கு நடுவே வெள்ளைச் சேலையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாள். எட்டு தேறிவிட்டால் மதுரையில் ஆசிரியைப் பயிற்சி. இரண்டு வருஷத்தில் டீச்சர். அதற்குமேல் அவள் எதையும் கேட்கவில்லை.

நல்லகண்ணு கேள்விகள் அச்சடித்த பாரங்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். தேனியில் பருத்தி அரைக்கும் பாக்டரியில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டராக இருந்த அம்மாவாசியிடம், இந்த வேலைக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டான்.

“காது வேணும்” என்றார் அம்மாவாசி. “பெல்ட்டு ஓடுற சத்தத்துலயே எங்கன தேயுதுன்னு சொல்லிரணும். இத எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்காக?”

‘தேவையான தகுதி’ என்ற கட்டத்தில் அவன் ‘காது’ என்று எழுதினான். எழுதிவிட்டுத் தனித்தாளில் அரைப் பக்கம் விளக்கம் எழுதினான். போடியில் ஏலக்காய் சேர்த்துவைக்கும் கிட்டங்கிகளில் தரம் பிரிக்கும் பெண்களோடு நாலு நாள் உட்கார்ந்தான். பச்சை, வெளிறல், வெடிப்பு என்று ஏழு தரம். கண் பார்ப்பதற்குள் விரல் பிரித்துவிடுகிறது. அதில் ஒருத்திகூட எழுதப் படிக்கத் தெரிந்தவள் இல்லை. எந்தத் தரம் எத்தனை மூட்டை என்று எழுதிவைக்க மட்டும் ஓர் ஆண் கணக்குப்பிள்ளை. அவருக்கோ தரம் தெரியாது. ‘இந்தப் பெண்களில் பத்துப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் கிட்டங்கியையே நடத்துவார்கள்’ என்று அவன் எழுதினான். கம்பத்தில் பஸ் கம்பெனிக்காரரையும், மலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கும் கங்காணிகளையும், வெற்றிலைக் கொடிக்கால்காரர்களையும் பார்த்தான். இத்தனை வருஷமாக வேலை கேட்டுப் போன இடங்களில் இப்போது கேள்வி கேட்பவனாக நின்றான். தனக்கு இது நன்றாக வருகிறது என்பது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பாரத்தில் பதினான்கு கட்டங்கள். கடைசிக் கட்டம்: ‘எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கு அடுத்த ஐந்தாண்டில் ஏற்படக்கூடிய காலியிடங்கள்.’ அதற்காக ஒவ்வொரு பள்ளிக்கூடமாக, ஆஸ்பத்திரியாக விசாரித்தான். ஓய்வு பெறப்போகும் டீச்சர்கள் இரண்டு பேர். மருத்துவச்சி ஒருத்தி. கம்பம் பள்ளத்தாக்கு முழுவதுக்கும் மூன்று.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டபிறகு அதைச் சாராள் டீச்சரிடம் காட்டினான். டீச்சர் தாளை வெகுநேரம் பார்த்தாள்.

“இந்தக் கட்டத்த நெரப்பாதீக தம்பி.”

“ஏன் டீச்சரம்மா? கணக்குச் சரிதானே?”

“சரிதான். அதான் சொல்றேன். வெறுமனே விட்டுருங்க. மூணுதான்னு எழுதுனா, மூணு பேருக்கு எதுக்கு இத்தன பள்ளிக்கூடம்னு கேப்பாக.”

“உள்ளத மறைக்கச் சொல்றீகளா?” அவனுக்குக் கோபமே வந்தது. “நா வெறும் மூணுன்னு எழுதல டீச்சரம்மா. ஏன் மூணு, அத முப்பதாக்க என்ன செய்யணும்னு இருபத்திரெண்டு பக்கம் எழுதியிருக்கேன். படிச்சுப் பாத்தா புரியாதா அவுகளுக்கு?”

“படிச்சுப் பாத்தா புரியும்” என்றாள் டீச்சர்.

நல்லகண்ணுவின் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். பங்குனி மாதம் முழுக்கப் பஞ்சம்மாள்தான் எல்லாவற்றையும் நல்ல பிரதி எடுத்தாள். பதினான்காவது கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள்.

“இந்த மூணுல ஒண்ணு நாந்தானண்ணே?”

“ஒண்ணு நீதான்.”

அவள் சிரித்துக்கொண்டே ‘மூன்று’ என்று எழுதினாள். மை காயும்வரை ஊதினாள்.

சித்திரையில் அறிக்கையை அனுப்பினான். நன்றி சொல்லி ஒரு கடிதம் வந்தது. ஆனியில் பள்ளிக்கூடம் திறந்து பதினைந்தாம் நாள் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து, ஆசிரியைகளை வைத்துக்கொண்டு உத்தரவை வாசித்தார். கம்பம் பள்ளத்தாக்கில் நான்கு பெண்கள் பள்ளிக்கூடங்களில் எட்டாம் வகுப்பு நீக்கப்படுகிறது. அதற்குப் பதில் தையலும் கூடை முடைதலும் சொல்லிக்கொடுக்கப்படும். காரணம், படித்த பெண்களுக்கு இந்தப் பகுதியில் ஐந்தாண்டுக்கு மூன்றே காலியிடங்கள் ஏற்படும் என்று முறையான ஆராய்ச்சியில் தெரியவந்திருக்கிறது.

எட்டாம் வகுப்பில் அந்த வருஷம் ஆறு பேர். ஏழு தேறி வந்த பஞ்சம்மாள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தாள். அடுத்த அறையில் வாசித்தது அவளுக்கு முழுக்கக் கேட்டது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் அதை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள். சொன்ன கையோடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் நல்லகண்ணு மதுரைக்குப் போனான். குழுவின் செயலாளர் அவனை நிற்க வைக்கவில்லை. நாற்காலி போடச் சொன்னார். அச்சான அறிக்கையை எடுத்துக் கொடுத்தார். அதில் அவனுடைய பட்டியல் இருந்தது. நன்றி சொன்ன பக்கத்தில் அவன் பெயரும் இருந்தது. இருபத்திரண்டு பக்கங்களைக் காணவில்லை.

“நான் அதோட சேத்து எழுதியனுப்பினதெல்லாம் எங்க சார்?”

“அதுவா? நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. ஆனா அதுக்கு பாரத்துல எடம் இல்லையே. எல்லாத் தாலுகாவுக்கும் ஒரே மாதிரிதானே அச்சடிக்கணும்?”

“அத வாசிச்சிருந்தா வகுப்ப மூடியிருக்க மாட்டீங்க சார்.”

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. “உண்மையச் சொல்லணும்னா, உங்க வேலைதான் எங்களுக்கு உதவுச்சு. மத்தத் தாலுகாக்காரங்க அந்தக் கடைசிக் கட்டத்த வெறுமனே விட்டுட்டாங்க. புள்ளிவிவரம் இல்லாம அங்கெல்லாம் ஒரு முடிவும் எடுக்க முடியல. நீங்க ஒருத்தர்தான் முழுசா நிரப்பியிருந்தீங்க.”

அப்புறம் ஒரு தாளை நகர்த்தினார். பரமக்குடிப் பக்கம் இதேபோல ஆறு மாத விசாரணை. நல்லகண்ணுவையே அனுப்பலாம் என்று குழு நினைக்கிறதாம். அவன் அந்தத் தாளைத் தொடவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். மாசி வீதி முனையில் நின்று, எந்தப் பக்கம் பஸ் என்று தெரியாதவன்போலக் கொஞ்சநேரம் திகைத்தான்.

வேலையை மறுத்துவிட்டு வந்ததை வீட்டில் சொன்னபோதுதான் பஞ்சம்மாள் வாய்விட்டுப் பேசினாள்.

“ஏன் வேண்டான்ன?”

“எந்த மொகத்தோட போவேன் தாயி?”

“எம் படிப்பும் போச்சு. ஒனக்கு வந்த வேலையையும் விட்டுட்டு வந்து நிக்க. இதுல எனக்கு என்ன கெடச்சுச்சு? ஒரு ஆளாச்சும் கரையேறியிருக்கலாம்ல. எனக்காகன்னு சொல்லாதண்ணே. ஒம் மனசு நோவாம இருக்கணும்னு விட்டுருக்க.”

மூக்கம்மாள் மகளை அதட்டினாள். தங்கை சொன்னது முழுக்கப் பொய்யில்லை என்று நல்லகண்ணுவுக்குத் தோன்றியது. நாலு நாள் கழித்துப் பரமக்குடி வேலைக்குச் சம்மதம் என்று எழுதிப்போட்டான். வேறு ஆள் போட்டாகிவிட்டது என்று பதில் வந்தது.

அவனும் சாராள் டீச்சரும் சேர்ந்து மூன்று மனுக்கள் அனுப்பினார்கள். முதல் இரண்டுக்கும் ஒரே பதில்: காலியிட நிலவரம் இடங்கொடுக்கவில்லை. மூன்றாவதுக்குப் பதிலே இல்லை. ஐப்பசியில் டீச்சரைத் திருச்சுழிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். போகிற அன்று அவள் பஞ்சம்மாளிடம் தன்னுடைய பூகோளப் படப் புத்தகத்தைக் கொடுத்தாள். நல்லகண்ணுவைப் பார்த்து, “நீங்க தப்பா ஒண்ணும் எழுதல தம்பி” என்றாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பான்.

பஞ்சம்மாளின் மாமியார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. புருஷனுடைய அண்ணனின் பெண்டாட்டி செத்துவிட்டாள்; நாலு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பஞ்சம்மாள் வரட்டும் என்றார்கள். “அங்கன போறதுக்கு ஏலக்காப் பொறுக்கப் போறேன்” என்றாள் அவள். அடுத்த திங்கட்கிழமையே தேனியில் ரயிலேறி, வேலைக்குப் போகும் பெண்களோடு போடிக்குப் போய்விட்டாள். அங்கேயே ஓர் அறையில் ஆறு பெண்களாகத் தங்கினார்கள்.

தை பிறந்து நல்லகண்ணு அவளைப் பார்க்கப் போனான். கிட்டங்கி மேஸ்திரி வீரணன் அவனை அடையாளம் கண்டுகொண்டு உள்ளே விட்டார். வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களில் தங்கையை உடனே கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லோருடைய விரலும் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள்தான் எழுந்து வந்தாள். முந்தானை முழுக்க ஏலக்காய் வாசம்.

“நல்லாருக்கியா தாயி?”

“இருக்கேன்.”

“வேல பழகிருச்சா?”

“நீ எழுதியிருந்தேல்ல, வெரலு பிரிச்சுரும்னு. நெசந்தான். இப்பப் பிரிக்குது.” அவள் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அண்ணே, இனி இங்கன வராத. ஒன்னப் பாத்தா நா வேற என்னமோ ஆகியிருப்பேன்னு நெனப்பு வருது. இன்னிக்குப் பூராவும் தரம் தப்பிப்போகும். மேஸ்திரி வைவாரு.”

“அம்மா கேட்டா?”

“நல்லாருக்கேன்னு சொல்லு.”

அவள் உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து முறத்தை இழுத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. நல்லகண்ணு வெயிலில் நடந்து ஸ்டேஷனுக்கு வந்தான். ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், தம்பிக்கு என்ன வேலை என்று கேட்டார். அவன் கேட்காதது போல மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.