மூன்றாவது மூடி

பூவைக் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்த வேன்காரியின் புறங்கையில் புதிதாக ஒரு கீறல். கட்டைவிரலுக்கு மேலே, குறுக்காக, ஒரு விரல் நீளம். செத்துக் கிடந்த கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது. அதே இடத்தில் அவள் கையில் பழைய தழும்புகள் நாலு உண்டு.

அது எங்கே கிடைக்கும் கீறல் என்று அவளுக்குத் தெரியாதா? இன்ஜினுக்கும் அதன் பின்னால் இருக்கும் தகரச் சுவருக்கும் நடுவே கையை விட்டால் கிடைக்கும். இன்ஜினுக்குள் தண்ணீர் ஓடும் வழியை அடைத்து நிற்கும் சின்னச் சின்ன மூடிகள் துருப்பிடித்து ஒழுகினால், மற்ற மெக்கானிக்குகள் இன்ஜினையே இறக்கிவிடுவார்கள். அவள் கணவர் மட்டும் இன்ஜினை இறக்காமலே மாட்டுவார். பின்பக்க மூடிக்குச் சுத்தியலை ஓங்க இடமில்லை. மூடிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு போல்ட்டையும் நட்டையும் முட்டுக்கொடுத்து, கீழே படுத்தபடி நட்டைத் திருகித் திருகியே மூடியை உள்ளே தள்ளுவார். கோணாமல் மேலிருந்து ஒரு கை பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் கை மண்வெட்டி மாதிரி, அங்கே நுழையாது. கல்யாணமான புதிதிலிருந்து அவள் கைதான் நுழைந்தது.

"அடியே, கோணுது பாரு, கண்ணு எங்க இருக்கு?" என்று கீழேயிருந்து கத்துவார்.

"கண்ணு கையிலயா இருக்கு?" என்று இவளும் கத்துவாள். வீட்டுக்குள் பேசாததெல்லாம் அங்கேதான் பேசிக்கொண்டார்கள்.

இந்த முறை மூன்று நாளாக வேன்காரியின் வேன் வீட்டு வாசல் பட்டறையில் நின்றது. அவர் இவளை ஒரு குரல் கூப்பிடவில்லை. அடுக்களை வரைக்கும் வேன்காரியின் சிரிப்புதான் கேட்டது. இவளுக்கு வயிறு எரிந்தது. வலியப் போய்க் கேட்கவும் மனசு வரவில்லை. நேற்று மத்தியானம் அவர் வேனுக்கு அடியிலேயே உயிரை விட்டபோது கேட்ட அலறலும் அதே குரல்தான். கடைசி மூச்சுக்குக்கூட அவள்தானா பக்கத்தில்!

"நாலு மணிக்குச் சுடுகாட்டு வண்டி வந்துடும் அண்ணி. அந்த வேன் வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது. நாலு பேரு புடிச்சுத் தள்ளிடுறோம்" என்றார் கொழுந்தன்.

"தள்ள வேண்டாம்." எழுந்துவிட்டாள். "ஓட்டிக்கிட்டே போகட்டும். தள்ளிவிட்டா தெருவுல நிக்கும், மறுபடியும் வருவா. வந்த வரைக்கும் போதும்."

நாத்தனார் கையைப் பிடித்தாள். "பொணத்தைப் போட்டுட்டு எங்க போறீங்க? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரா வந்து மூடி மாட்டும்?"

அவள் பட்டறைக்குள் நுழைந்தாள். வேன்காரி பின்னாலேயே ஓடி வந்தாள். "அக்கா, இப்ப எதுக்குக்கா இதெல்லாம்..."

"உனக்காகன்னு நெனைச்சுக்காத. அவரு கை வெச்ச வண்டி அரைகுறையா நிக்கக் கூடாது."

முதல் இரண்டு மூடிகளும் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. மூன்றாவதின் துளையை உப்புத்தாளால் தேய்த்து வழவழவென்று வைத்திருந்தார். அவள் புது மூடியின் ஓரத்தில் பசையைத் தடவினாள். நிமிராமல் கேட்டாள்.

"கடைசியா என்ன சொன்னாரு?"

"வேணாம்க்கா."

"சொல்லு."

"திட்டினாரு. மூணு நாளா ஒரே திட்டுதான். 'எங்க வீட்டுக்காரி கையா இருந்தா ஒரே அமுக்கு. நீ என்னமோ பூனையைத் தடவுற மாதிரி தடவுற'ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் ஸ்பேனர் விழுந்த சத்தம் கேட்டுச்சு."

இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், முகத்துக்கு நேராக இதைச் சொன்னாரா அந்த மனுஷன்? போயும் போயும் இந்த வேன்காரி காதில் கொட்டியிருக்கிறார். அதைக் கேட்கவும் இவளுக்குத்தான் கொடுத்துவைத்திருக்கிறது.

"அப்போ என்னைக் கூப்பிட வேண்டியதுதானே? கூப்பிட்டா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?"

வேன்காரி அவள் விரல் முட்டிகளைப் பார்த்தாள்.

"நகரு."

மூடியோடு கையை உள்ளே விட்டாள். விரல்கள் போயின. முட்டிகள் போகவில்லை. கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலை மடக்கிப் பார்த்தாள். வெளியே இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி விட்டாள். போகவில்லை.

போன மழைக்காலத்திலிருந்தே முட்டிகள் வீங்கித்தான் கிடந்தன. காலையில் டம்ளரைப் பிடிப்பதற்குள் உயிர் போய்விடும். அவரிடம் அவள் மூச்சு விட்டதில்லை. ஆனால் கொஞ்ச நாளாக அடுக்களை டப்பாக்களின் மூடிகளெல்லாம் காலையில் தளர்ந்தே இருந்தன. ஒரு டப்பாவை ஒழுங்காக மூடத் தெரியாதா, எறும்பு ஏறாதா என்று அவரைத்தான் தினமும் திட்டிக்கொண்டிருந்தாள். மறுநாளும் மூடிகள் அவள் கைக்குத் தோதாக இளகித்தான் இருக்கும்.

கையை மெதுவாக வெளியே எடுத்தாள். மூடியை வேன்காரியிடம் நீட்டினாள்.

"நீ விடு."

புடவையைச் செருகிக்கொண்டு, வேனுக்கு அடியில் கிடந்த பலகையில் மல்லாந்து படுத்தாள். மேலே வேன்காரியின் கை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பார்க்கப் பொறாமையாக இருந்தது.

"கோணாம புடி."

"புடிச்சிருக்கேன்க்கா."

போல்ட்டை முட்டுக்கொடுத்து, நட்டில் ஸ்பேனரை மாட்டித் திருகினாள். கால் சுற்று. முட்டியில் வலி தெறித்தது. இன்னொரு கால் சுற்று. மூடி கடித்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்தது.

"உக்காந்துடுச்சுக்கா."

வாசலில் நாத்தனார் கூப்பிட்டாள். யாரோ பெஞ்சை இழுக்கிற சத்தம் கேட்டது.

"போதும்க்கா. விட்டுடுங்க."

கீழே அவள் எழவில்லை, அவர் படுத்த பலகையிலேயே கிடந்தாள். நட்டில் மாட்டிய ஸ்பேனரை இறுகப் பிடித்திருந்தாள். வேன்காரியும் உள்ளே விட்ட கையை எடுக்காமல், அப்படியே குனிந்து நின்றாள்.