துத்தநாகம் இல்லாத படிகம்

எக்ஸ்ரே அறையில் ஒரு முறை கிடைப்பதற்கே மூன்று வாரம் ஆகியிருந்தது. படிகம் இருந்த குப்பியைப் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து இருக்கைக்காரரின் முழங்கை இடித்தபோதெல்லாம் அவள் முறைத்த முறைப்பில் மனிதர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.

எட்டு மாதமாகச் சாலிசிலிக் அமிலத்தோடும் துத்தநாக உப்போடும் மல்லுக்கட்டியவள். இரண்டும் இணைந்த சேர்மத்தில் எந்த அணு எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் காட்ட வேண்டும். அந்த ஒரு படம் இல்லாமல் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேராசிரியர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறையும் வந்தது வெறும் மாவு. மாவுக்கு அந்த எந்திரம் மசியாது. கடைசியில் போன மாதம், குப்பியின் அடியில் கண்ணாடி மாதிரி ஐந்து ஊசிப் படிகங்கள். அவள் துள்ளிக் குதிக்காத குறைதான். அன்றைக்கே ஆய்வக அங்கியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து, பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டாள். கணவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். இன்னும் பன்னிரண்டு நாளில் கிளம்ப வேண்டும்.

எந்திரத்தைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் ஓர் ஊசியை எடுத்துப் பொருத்தினார். பத்தே நிமிடம். திரையைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, இதுல துத்தநாகமே இல்லியே."

"இல்லைன்னா?"

"வெறும் சாலிசிலிக் அமிலம். நீ போட்டதே திரும்பி வந்திருக்கு. கொண்டுவர்றதுக்கு முன்னாடி ஒண்ணை உருக்கிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. வெறும் அமிலம் உருகும் அதே சூட்டில்தான் இதுவும் உருகுகிறதா என்று பார்த்திருந்தால் கால் மணி நேரத்தில் குட்டு உடைந்திருக்கும். ஐந்தே ஐந்து இருக்கிறதே, ஒன்றை வீணாக்குவானேன் என்ற கஞ்சத்தனம். இரண்டையும் இணைய வைக்க ஊற்றும் காரக் கரைசல் கொஞ்சம் குறைந்துபோனதில் அமிலம் துத்தநாகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தனியாகப் படிந்திருக்கிறது. அதற்குப் போய் மடியில் இடம் கொடுத்திருக்கிறாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வீட்டில் கணவன் மருந்துக்கடைப் பையோடு உட்கார்ந்திருந்தான். ஆய்வகத்தில் நின்று நின்று அவள் பாதத்தில் ஆணி விழுந்திருந்தது. காலைத் தன் மடியில் இழுத்து வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினான்.

"உன் சாமான் பேரு போட்டிருக்கு பாரேன் இதுல. சாலிசிலிக் அமிலம்."

"ஆமா. எனக்கு மட்டும்தான் அது வேலை செய்யாது."

சிரிக்கப்போனவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "வரலையா?"

"வரலை."

"இன்னொரு தடவை வெச்சா?"

"வளரவே பத்து நாள் ஆகும். பதினோராவது நாள் வந்தா எப்படியாவது நுழைச்சு விடறேன்னு அண்ணன் சொல்லியிருக்காரு. அப்பவும் மாவா வந்தா, அவ்வளவுதான்."

அவன் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தான். "அங்கி எதுல இருக்கு?"

"எல்லாத்துக்கும் அடியில."

ஒவ்வொன்றாக நகர்த்தி, அடிப்பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழித்துக் கொடுத்தான். அங்கிக்குள் அவள் சுருட்டி வைத்திருந்த சின்ன டப்பா கையில் தட்டுப்பட்டது. உருக்கிப் பார்ப்பதற்கான மெல்லிய கண்ணாடிக் குழாய்கள், மொத்தம் நூறு. அவள் தரையிலேயே உட்கார்ந்து, இன்னும் பிரிக்காத அதன் மூடியில் நகத்தை வைத்தாள்.