தும்மல் பீரோ

ஏலக் கூடத்துக்கு எதிரே இருந்த மருந்துக் கடையில், தும்மலுக்கென்று கடைக்காரி எடுத்து வைத்த மூன்று டப்பாக்களையும் அவர் ஒவ்வொன்றாகத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். பழைய சாமான் வியாபாரிக்கு எதையும் அடியிலிருந்துதான் பார்க்கத் தெரியும். ஏலத்தில் தலையசைத்தால் விலை கேட்டதாக அர்த்தம். கையைத் தூக்குவதெல்லாம் புதியவர்கள் வேலை. இருபது வருஷமாக முன்வரிசையில் உட்கார்ந்து, முகவாயை ஒரு நெல் அளவு இறக்கிச் சரக்கெடுத்தவர், போன வாரம் தூசி ஏறி ஒரு தும்மல் போட்டார். ஏலக்காரரின் சுத்தியல் விழுந்துவிட்டது. கதவில்லாத பீரோ ஒன்று அவருடைய கடைக்கு வந்து சேர்ந்தது. கேட்டது கேட்டதுதான், மூக்கின் மேல் பழி போட முடியாது. கடையில் பாதிப் பங்கு வைத்திருந்த மனைவியின் தம்பி அதற்குத் தும்மல் பீரோ என்று பெயரிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான். இன்று காலை மட்டும் சிரிக்காமல் சொன்னான்: "இன்னைக்கும் தும்மினீங்கன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து அந்த நாற்காலியில நான் உக்காந்துக்கறேன், மாமா."

"இது பழைய மருந்து. சீக்கிரம் கேக்கும், ஆனா தூக்கம் வரும்," என்றாள் கடைக்காரி.

"தூங்கினா தலை ஆடுமேம்மா."

"வண்டி ஓட்டுறீங்களா?"

"ஏலத்துல உக்காரணும்."

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு அடுத்த டப்பாவைத் தள்ளினாள். "அப்ப இது. தூக்கம் அவ்வளவா இருக்காது. ஆனா வேலை செய்ய ஒரு மணி நேரமாவது ஆகும். இந்த ஸ்ப்ரே நல்லது. தினமும் அடிச்சா சில நாள்ல தெரியும்."

"முதல் மாத்திரையில பாதி போட்டா?"

"பாதித் தூக்கம், பாதித் தும்மல். இதுல பேரம் கிடையாது ஐயா."

இன்றைய ஏலத்தில் அவருக்கு வேண்டிய கம்பளம் பன்னிரண்டாவது. ஒரு சாமானுக்கு ஐந்து நிமிஷம் என்றால், மாத்திரையும் கம்பளமும் ஒரே நேரத்துக்கு வந்துவிடும். இரண்டாவது மாத்திரையை அங்கேயே விழுங்கினார். ஸ்ப்ரேயையும் வாங்கிக்கொண்டார், நாற்காலி போனாலும் மூக்கு கூடவேதானே வரும்.

கணக்கைக் கெடுத்தது யாரோ ஒரு ஓட்டல்காரர். முதல் ஒன்பது சாமான்களையும் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விட்டார். கால் மணி நேரத்தில் கம்பளம் வந்தது. விலை ஏறியது. அவர் இரண்டு முறை முகவாயை இறக்கினார். வேறொருவர் அதையும் தாண்டிக் கேட்டார். அதற்கு மேல் போனால் நஷ்டம். முகவாயை முஷ்டியில் ஊன்றிக்கொண்டார்.

"அடியும் பாத்துக்குங்க," என்றார் ஏலக்காரர். இரண்டு பேர் கம்பளத்தைப் புரட்டி ஓர் உதறு உதறினார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் எழுந்த தூசி, அவசரமே இல்லாமல், முன்வரிசையை நோக்கி வந்தது. பக்கத்தில் வந்து நின்றிருந்த மனைவியின் தம்பி தூசியைப் பார்க்கவில்லை; அவருடைய நாற்காலியைப் பார்த்தான். சுத்தியல் மேலே நின்றது. ஏலக்காரரின் கண் அவருடைய முகவாயின் மேல் இருந்தது.