அம்மாவின் கண் விழுந்த படம்

என் அம்மா காத்தாயிக்கு எந்தப் படத்திலும் கண் கிடையாது. ரேஷன் கார்டு, பஸ் பாஸ், என் கல்யாண ஆல்பம், எல்லாவற்றிலும் இமையை மூடிக்கொண்டு நிற்பாள். மகளும் மருமகனும் செஞ்சியில் ஸ்டுடியோ வைத்திருந்து என்ன புண்ணியம்? கேமராவைத் தூக்கினாலே மூடிக்கொள்வாள்.

இந்த வருஷம் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கக் காப்புக் கட்டிக்கொண்ட அன்று என்னைக் கூப்பிட்டாள்.

"கண்ணு தொறந்தா மாதிரி ஒரே ஒரு போட்டோ புடிடி அன்பு. நான் செத்தா மாட்டறதுக்காவது ஒண்ணு வேணாமா?"

"வாய மூடும்மா!" என்று கத்தினேன்.

நான் புதுச்சேரியில் போட்டோகிராபி படித்தவள். தீமிதி அன்று மதியமே போய்த் தீக்குழியைச் சுற்றி வந்தேன். புகையில் கேமரா தானாக ஃபோகஸ் பண்ணத் தடுமாறும். அதனால் தீ மிதித்தவர்கள் கால் நனைக்கும் பால்குழியின் விளிம்புக்குத் தூரம் அளந்து ஃபோகஸை நிறுத்தி, நகராதபடி லென்ஸில் டேப் ஒட்டினேன். என் வீட்டுக்காரர் குரு இதையெல்லாம் ஒரு நாளும் படித்ததில்லை. ஆனால் தாலி ஏறும்போது பெண் அழுதுகொண்டே சிரிப்பது அவருக்குத்தான் மாட்டும். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு உண்டு.

"கணக்கு போட்டுனு நிக்காத அன்பு. மனசு சொல்லும், அப்போ அமுக்கு."

"புகையில உன் மனசுக்குக் கண்ணு தெரியுமா? அந்தப் பக்கம் போயி நில்லு மாமா."

வெயில் இறங்கியது. ராஜகிரி மலை கறுத்தது. பம்பை முழங்க, கரகம் முதலில் தணலில் இறங்கியது. "கோவிந்தா! கோவிந்தா!"

அடுத்து அம்மா. என் அம்மாதானா அது! வாசற்படி ஏற முழங்காலைப் பிடித்துக்கொள்பவள், நெருப்பின் மேல் நிமிர்ந்து நடந்து வந்தாள். விடாமல் அழுத்தினேன். எல்லாப் படத்திலும் கண் மூடியேதான் இருந்தது.

பால்குழியில் கால் வைத்தாள். ஐயோ, கால் வெந்துபோச்சோ? படமாவது மண்ணாவது! கேமராவை முகத்திலிருந்து நெஞ்சுக்கு இறக்கிவிட்டு "அம்மா!" என்று அலறினேன். அவள் கண்ணைத் திறந்து கூட்டத்தில் என்னைத் தேடினாள். என்னைக் கண்டுவிட்டாள். என் விரல் தானாக அழுத்தியது. சத்தியமாக நான் அழுத்தச் சொல்லவில்லை.

குருவைத் தேடிப் போனேன். கேமரா கழுத்தில் தொங்க, அழுதுகொண்டு நின்றார்.

"ஒண்ணும் எடுக்கல அன்பு. அத்தையப் பாத்ததும் கை கும்புட்டுடுச்சி."

இருவரும் என் கேமராவைப் பார்த்தோம். படம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பம்பைக்காரர் பாதிதான் இருந்தார். நடுவில் அம்மா, நான் அளந்து வைத்த விளிம்பிலேயே நின்றாள். இமை முடிகூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அளந்தது நான். அழுத்தியது யார்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பாதத்தில் மஞ்சள் அப்பி உட்கார்ந்திருந்த அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"யார இப்டி பாக்கறேன்டி?"

"என்னத்தாம்மா."

மறுபடியும் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உன்ன நான் இப்டியா பாக்கறேன்?"