தீபிகாவின் தூக்கம் களவுபோன விவரம்

2007 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கடலூர் முதுநகரில் தீபிகாவின் தூக்கம் திருடுபோனது. திருடியவன் காகிதத்தில் மட்டும் இருப்பவன். பெங்களூரிலிருந்து விதிப்புத்தகம் ஜெராக்ஸாக வந்த ஒரு விளையாட்டில் ஜெயப்பிரகாஷ் கதை சொல்வான். நண்பர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுப்பார்கள். நினைத்தது நடக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; பெரிய எண் விழுந்தால் நடக்கும். பகடை சொன்னதை யாரும் மாற்றக்கூடாது. சுரேந்தருக்குத் திருடன் வேஷம். வாரம் தவறாமல் கூட்டாளிகளின் பையிலேயே கைவைப்பான். அன்று கதையில் வீராங்கனை வேஷத்தில் மரத்தடியில் தூங்கிய தீபிகாவின் பை காலி. "அப்ப தூக்கத்தையே எடுத்துக்கறேன்" என்றான். ஜெயப்பிரகாஷ் சிரித்தபடி "போடு, பாக்கலாம்" என்றான். இருபது விழுந்தது. அதே சூட்டில் தூக்கத்தைச் சேத்தியாத்தோப்பு நெல் வியாபாரிக்கு விற்றும்விட்டான். கதையின் ஊர்களுக்குப் பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு, பஸ் ரூட்டில் இருந்ததையே ஜெயப்பிரகாஷ் வைத்திருந்தான்.

அன்றிலிருந்து தீபிகா கண் மூடவில்லை. சிதம்பரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஐப்பசியில் ஒருவர் ரத்தத்தை இன்னொருவர் பெயரில் எழுதப்போய், கடைசி நொடியில் பிடித்தாள். இன்னொரு தடவை நடந்தால் ஓர் உயிரே போகலாம். அதே மாதங்களில் சேத்தியாத்தோப்பில் சுப்புராயன் என்ற நெல் வியாபாரி தராசருகே நின்றபடியே தூங்கினார். ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டுபோய் மூட்டை இறக்கினார்கள்.

ஜெயப்பிரகாஷ் கதையில் திருடனைச் சிறையில் போட்டான். திருடன் பூட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். ஜெயப்பிரகாஷ் பாம்பை ஏவினான். திருடன் அதன் விஷத்தைக் களவாடினான். தீபிகாவின் அம்மா அஞ்சம்மாள் ஆட்டம் நடக்கும் மாடி அறைக்கு ஏறி வந்து கத்தினாள்: "சீட்டாட்டத்துல காசுதான் போவும். என்னா எழவு ஆட்டம்டா இது, பொண்ணு தூக்கம் போவுது?"

அவள் இறங்கிப் போனதும் ஜெயப்பிரகாஷ் பகடையை ஓரமாக வைத்தான். "ஏன் மச்சான், கூட ஆடறவங்ககிட்டதான் திருடணுமா?"

"வேற எங்க திருட? நீ ரெண்டு வருஷமா காட்டுலயே சண்ட வெக்கற. காட்டுல பூட்டு ஏது, பொட்டி ஏது? இவுங்க வெட்டுறப்ப நான் ஓரமா நின்னு கொட்டாவி உடணுமா?"

"கொட்டாவியாச்சும் வருதேடா ஒனக்கு" என்றாள் தீபிகா.

அடுத்த ஞாயிறு ஜெயப்பிரகாஷ் காட்டை விட்டு வெளியே வந்தான். கடைத்தெரு, நாய்கள், பூட்டுகள், உள்ளே வியாபாரியின் வீடு. சுரேந்தர் முதல்முறையாக நாற்காலி நுனிக்கு வந்தான். தூக்கத்தைத் திருப்பித் திருட ஒரே வீச்சு, தவறினால் போனது போனதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். பகடை மேஜையை விட்டு விழுந்து, கட்டிலுக்கடியில் உருண்டு, தீபிகாவின் செருப்பில் முட்டி நின்றது. பத்தொன்பது. சேத்தியாத்தோப்பில் சுப்புராயன் விழித்து, இன்றைக்கு என்ன ரேட் என்று கேட்டார். தீபிகா மேஜையிலேயே தலை சாய்த்தாள். கார்த்திகை பிறந்தபின்தான் எழுந்தாள்.

அதற்குப் பின் சுரேந்தர் கூட்டாளிகளின் பையைத் தொட்டதில்லை. ஆனால் அவசரத்தில் அள்ளியதில் சுப்புராயனின் கனவுகளும் சேர்ந்து வந்துவிட்டன. தீபிகா தூக்கத்தில் மறுநாள் நெல் விலையைச் சொல்கிறாள். 2012 வரை சுப்புராயன் தினமும் காலையில் அஞ்சம்மாளுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பொன்னி ரகத்துக்கு மட்டும் அஞ்சம்மாள் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடுவாள். அவர் அதைக் கழித்துக்கொள்வார்.