ஏழுக்கு அடுத்த எட்டு

என் விளக்கங்களைக் கடைசிவரை கேட்டவர் இதுவரை ஒருவர்தான்: வளவனூர் கல்யாணத் தரகர் சக்கரபாணி. அதனாலேயே அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

2014இல் திண்டிவனத்தில், டயர் கடை மாடியில், ஒரு பெரிய சர்வரை வைத்திருந்தேன். அதற்குள் மென்பொருளால் உண்டாக்கிய இருபது கற்பனைக் கம்ப்யூட்டர்கள். வாடகைக்கு எடுத்தவர்கள் தங்கள் கடையிலிருந்தே இணையம் வழியாக நுழைந்து வேலை பார்ப்பார்கள். ஒரே கழனியை வரப்புக் கட்டி இருபது பேருக்குக் குத்தகைக்கு விடுவது போல. வரப்பைக் காவல் காப்பது ஒரு நிர்வாக மென்பொருள். இதைச் சொல்லத் தொடங்கினால் எல்லோருக்கும் பஸ் நினைவுக்கு வந்துவிடும். சக்கரபாணிக்கு மட்டும் வராது.

"மேல அட்ரஸ்ல ஏழுன்னு இருக்கு பாருங்க, அதான் உங்க கம்ப்யூட்டரு. எட்டு, விழுப்புரம் பிளட் டெஸ்ட் லேபு."

"அட, பக்கத்து வூடா," என்றார்.

சில மாதங்கள் கழித்து அந்த லேபை நடத்தும் சூர்யகலா படியேறி வந்தார்.

"கெங்கம்மாள்னு ஒருத்தங்க பொண்ணுக்குத் தைராய்டு டெஸ்ட் எடுத்தேண்ணா. மாப்ள வூட்டுக்கு அது தெரிஞ்சி கல்யாணத்த நிறுத்திட்டாங்க. நான்தான் சொல்லிட்டேன்னு தெனம் லேபு வாசல்ல கத்திக்கினு இருக்காங்க. ஒருத்தரும் வர்றதில்ல. இப்டியே போனா மூட வேண்டியதுதான்."

"என் சர்வர்லேர்ந்து போயிருக்காதும்மா. நடுவுல வரப்பு இருக்கு. அதாவது..."

"மாப்ள வூட்டுத் தரகரு வளவனூர்க்காரரு. சக்கரபாணி."

நான் நிறுத்திக்கொண்டேன்.

சர்வரின் பதிவுகளைத் திறந்தேன். ஏழாம் எண்ணில் நுழைந்தவர், முகவரியில் ஏழு என்பதை அழித்துவிட்டு எட்டு என்று போட்டிருந்தார். நாற்பத்தொரு முறை. நுழைகிறவர் வாடிக்கையாளரா என்று மென்பொருள் பார்த்தது. எட்டு அவருடையதா என்று பார்க்கவில்லை. சூர்யகலாவின் திரை அப்படியே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே மின்னஞ்சலில் வந்திருந்தது. 'அவசரம்' என்ற தலைப்போடு. படித்தேன். எவ்வளவு எளிமையான ஓட்டை என்று வியந்து மூன்று பேருக்கு விளக்கினேன். அதில் ஒருவர் சக்கரபாணி. அன்று எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். திருத்தத்தைப் போடத்தான் மறந்துவிட்டேன்.

இப்போது போட்டேன். பன்னிரண்டு நிமிடம் ஆனது. சக்கரபாணியின் கணக்கை மூடிவிட்டு, சூர்யகலாவோடு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன்.

கெங்கம்மாள் தன் வீட்டுத் திண்ணையில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பெரிய கழனி இருக்குதுன்னு வச்சிக்கோங்கம்மா..."

"எங்களுக்குக் கழனி கெடயாது."

சூர்யகலா என்னைப் பார்த்தார்.

"உங்க பொண்ணு ரிப்போர்ட்ட தரகரு திருட்டுத்தனமா பாத்து மாப்ள வூட்ல சொல்லிட்டாரு. வழியத் தெறந்து வச்சது நானு. இவங்க யார்கிட்டயும் சொல்லல."

கெங்கம்மாள் மடியிலிருந்த கடலைத் தோலை உதறிவிட்டு எழுந்தார். "இத சொல்லத்தான் கழனிக்கிப் போனியா? வா. நான் எங்க நின்னு கத்துனனோ அங்கயே நின்னு நீ சொல்லணும்."

லேப் வாசலில் இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள். அத்தனை பேர் என் பேச்சை நின்று கேட்டது அதுவே முதல் முறை. மூன்றே வாக்கியத்தில் முடித்தேன்.

"அடுத்தவன் கம்ப்யூட்டர எப்டிங்க பாக்க முடியும்?" என்று கூட்டத்தில் ஒருவர் உண்மையான ஆர்வத்தோடு கேட்டார்.

வாயைத் திறந்தேன்.

"அண்ணா," என்றார் சூர்யகலா.

மூடிக்கொண்டேன்.